கண்ணாடி போட்ட செக்ரட்டரி

மாமா சிங்கப்பூர் ஷிப்யார்டில் வெல்டராக இருந்தார். 1987இல் லீவுக்கு வந்தபோது கோடாலித் தைலம், பூப்போட்ட நைலக்ஸ் சேலைகள், ஆயாவுக்கு ஒரு டார்ச் லைட் இவற்றோடு ஒரு வீடியோ கேசட்டையும் கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டில் டெக் கிடையாது. டிவியே கிடையாது. “எதுல போட்டுப் பாக்கறதுடா இத, அம்மிலயா?” என்று ஆயா கேட்டாள். கூட ரூமில் இருந்த ஆள் கொடுத்தான், பிள்ளைகள் பார்க்கும் என்று எடுத்து வந்தேன் என்றார் மாமா. கேசட்டின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் நீலப் பேனாவால் இங்கிலீஷில் இரண்டு சொல் எழுதியிருந்தது. அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: வொண்டர் உமன்.

கேசட் அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆடி மாதம்வரை அதைத் தொட யாருக்கும் உரிமையில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டியிருந்தது எங்கள் தெரு. திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று பிரிந்தது 1997இல்தான். நாங்கள் பள்ளிக்கூடத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்று எழுதிப் பழகியவர்கள். சென்னையிலிருந்து வரும் லோக்கல் ரயிலுக்கு அப்போது எங்கள் ஊர்தான் கடைசி. அதைத் தாண்டினால் எளாவூர், ஆரம்பாக்கம், பிறகு ஆந்திரா. தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு, பாதி வீட்டில் தமிழ், சண்டையென்றால் இரண்டும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு ரோலிங் மில்லில் வேலை. பழுத்த கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் தள்ளிவிடுகிற வேலை. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். அந்தத் தூளில் எவ்வளவு இரும்பு இருந்தது என்பது எங்கள் ஆயாவின் இருமலுக்குத் தெரியும்.

நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, மருந்து கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். காண்ட்ராக்ட். தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் அப்படித்தான். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் தலை பின்னிக்கொண்டு கும்பலாகக் கிளம்புவார்கள். சிரிப்பு ரோட்டு முனைவரை கேட்கும், அப்புறம் லாரிச் சத்தம் மூடிவிடும்.

தெருவுக்கே ஒரு டயனோரா டிவி, டைம் ஆபீஸ் கிளார்க் வீட்டில். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இலேயே தொடங்கிவிட்டது. எங்கள் கூரைக்கு மேல்தான் அந்த அலை போய்க்கொண்டிருந்தது, எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ அளவுக்கே சொந்தம். 1987 ஜனவரியிலிருந்து ஞாயிறு காலையில் ராமாயணம் சேர்ந்துகொண்டது. இந்தி புரியாவிட்டாலும் கதை தெரியும், ஆகவே அம்பும் அம்பும் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு மட்டும் அமைதியாக இருப்போம். பெண் ஒருத்தி எதிர்த்து நிற்கிற கதை டிவியில் வரவேயில்லை என்று சொல்ல முடியாது. 1985இல் ‘ரஜனி’ வந்தது. பாசு சட்டர்ஜி எடுத்தது, பிரியா டெண்டுல்கர் நடித்தது. கேஸ் சிலிண்டருக்கும் ஆபீஸ் லஞ்சத்துக்கும் எதிராகச் சண்டை போடும் குடும்பத்தலைவி. கிளார்க் வீட்டம்மா அதை ரசித்துப் பார்ப்பார். எங்கள் தெருவில் கேஸ் அடுப்பே இல்லாததால் எங்களுக்கு அந்தக் கோபம் பிடிபடவில்லை.

காமிக்ஸ் விஷயத்தில் நாங்கள் அவ்வளவு பின்தங்கியவர்கள் இல்லை. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 1984இல் வரத் தொடங்கியபோது முதல் இதழே ஒரு பெண்ணுடையது: ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே வருஷம் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. அண்ணன் பாண்டை வைத்துக்கொள்வான், அட்டை கிழிந்த மாடஸ்டி எனக்கு வரும். பீட்டர் ஓடோனல் 1963இல் லண்டன் செய்தித்தாள் ஒன்றுக்காக உருவாக்கிய பெண் அவள். அகதியாக அலைந்து வளர்ந்தவள். எனக்கு அதெல்லாம் தெரியாது. கருப்பு வெள்ளையில் கொண்டை போட்டுக்கொண்டு, தமிழில் பேசி, ஆண்களை உதைக்கிறாள் என்பது போதுமானதாக இருந்தது. கேசட்டில் இருப்பவளும் அப்படித் தமிழில் பேசுவாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற இரவு. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, பஜார் வீடியோ கடையிலிருந்து கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு வந்தன. கூடவே ஒரு பையன் வருவான். டெக்கை வேறு யாரும் தொடக்கூடாது என்பதற்காகவே கடைக்காரர் அனுப்புகிற பையன். அன்றைக்கு அவன்தான் கலெக்டர். படத்தில் கோடு ஓடினால் ட்ராக்கிங்கைத் திருகுவான், ஹெட்டில் அழுக்கு என்று சொல்லி கேசட்டை வெளியே எடுத்து ஊதுவான். ஃபர்னஸ் ஓடுகிற நேரத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொள்ள, படத்தில் எல்லோருடைய முகமும் சுருங்கி விரியும். முதலில் ஒரு எம்.ஜி.ஆர். படம், அப்புறம் ரஜினி, அப்புறம் தெலுங்குக்காரர்களுக்காக விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’. பேய் தன் காலையே விறகாக அடுப்புக்குள் வைத்து எரிக்கும் காட்சியில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் முந்தானைக்குள் போய்விட்டோம். அது முடிந்தபோது ஆண்களில் பாதிப் பேர் பாயிலேயே தூங்கியிருந்தார்கள். இரண்டாவது ஷிப்டு முடித்துக் குளித்துவிட்டு வந்திருந்த பெண்கள்தான் விழித்திருந்தார்கள். அண்ணன் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து கேசட்டை எடுத்து வந்தான்.

முதலில் வந்தது படம்கூட இல்லை, வரைந்த பொம்மைகள். காமிக்ஸ் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, பின்னாலே ஒரு பாட்டு. அப்புறம் நிஜ மனிதர்கள். அத்தனை பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். என் மாடஸ்டி நினைப்பு அங்கேயே போயிற்று. டெக் பையன் கேசட்டை வெளியே எடுக்கக் கையை நீட்டினான். “இருடா, நான் சொல்றேன்” என்றாள் அத்தை. அவள் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பது: பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி டேட், ஷேக் வெல்.

அவள் சொன்ன கதை இது. கடலுக்கு நடுவில் ஒரு தீவு. பொம்பளைகள் மட்டும் இருக்கிற ஊர். ஆம்பளை ஒருத்தன் ஏரோப்ளேனோடு வந்து விழுகிறான். அவனைக் கொண்டுபோய் அவன் ஊரில் சேர்க்க ஓர் ஆள் வேண்டும். யார் போவது என்று போட்டி வைக்கிறார்கள். ராணியம்மா தன் மகளை அனுப்ப மாட்டேன் என்கிறாள். மகள் பொய் முடி வைத்துக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு போட்டியில் கலந்து ஜெயிக்கிறாள். வளையலால் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத ஏரோப்ளேனில் அவனை ஏற்றிக்கொண்டு போகிறாள்.

இப்போது நினைத்தால் ஆச்சரியம், அத்தை சொன்னதில் பெரும்பகுதி சரி. 1975 நவம்பர் 7இல் அமெரிக்க ஏபிசி சானலில் வந்த முதல் கதை அப்படியேதான். அதற்கு முந்தின வருஷம் கேத்தி லீ கிராஸ்பியை வைத்து இதே பெயரில் ஒரு படம் எடுத்து, காமிக்ஸின் உடுப்பையும் காலத்தையும் விட்டுவிட்டதால் எடுபடாமல் போயிருந்தது. அதனால் அடுத்த முறை காமிக்ஸுக்கே திரும்பினார்கள்: இரண்டாம் உலகப் போர், நாஜிகள், கண்ணுக்குத் தெரியாத விமானம் எல்லாம். லிண்டா கார்ட்டர் வந்தார். 1972 மிஸ் வேர்ல்ட் போட்டியில் அமெரிக்காவின் சார்பில் நின்றவர். ஏபிசியில் ஒரு பருவம், சிபிஎஸ்ஸுக்கு மாறி இரண்டு பருவம், 1979 செப்டம்பரில் முடிந்தது. நாங்கள் பார்த்தபோது அது முடிந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவுக்கு அது அன்றைக்குத்தான் ரிலீஸ்.

விமானம் வந்ததும் பிள்ளைகள் கூட்டத்தில் ஒரே சலசலப்பு. நாங்கள் ராக்கெட் பார்த்தவர்கள். பழவேற்காடு ஏரிக்கு அந்தப்பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அந்த மார்ச் 24இல் ஏ.எஸ்.எல்.வி. ஏவியபோது மொட்டைமாடியில் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றோம். அது வங்கக்கடலில் விழுந்துவிட்டது என்பது மறுநாள் தந்தியில் வந்தது. “இவ ப்ளேன் வுழாது. கண்ணுக்குத் தெரிஞ்சாதானே வுழுந்திச்சின்னு எழுதுவான்” என்றான் அண்ணன்.

அம்மன் கூழ் ஊற்றிய இரவில், அம்மன் கோயில் வாசலில், அநியாயக்காரர்களை அடித்துப் போடும் ஒரு பெண்ணைப் பார்த்தோம் என்று எழுதினால் அடுத்த வரியில் அம்மனை இழுத்து வர எந்த எழுத்தாளருக்கும் கை துறுதுறுக்கும். எங்கள் தெருவில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. உடுப்பைப் பார்த்து ஆயா “சர்க்கஸ்காரி” என்றாள், அவ்வளவுதான், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. (2016இல் ஐ.நா. இவளைப் பெண்களுக்கான கௌரவத் தூதராக அறிவித்து, உடுப்பைக் குறித்தும் எதிர்ப்பு வர, இரண்டு மாதத்துக்குள் விலக்கிக்கொண்டது. ஆயா ஒரே சொல்லில் முடித்த விஷயம்.) குண்டைத் தடுத்தது, காரைத் தூக்கியது இதெல்லாம் பிள்ளைகளுக்கு. சுழன்று உருமாறுவதும் பெரிய விஷயமில்லை. சற்று முன்புதான் விட்டலாச்சார்யா அதைவிட நிறையப் புகையோடு காட்டியிருந்தார். பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது ஆபீஸ் காட்சிகளுக்கு.

அந்த விமானக்காரன், ஸ்டீவ் ட்ரெவர், ஒரு மேஜர். அவனுக்கு ஒரு பொன்முடி செக்ரட்டரி. சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள், போனை எடுக்கிறாள், கோப்பைக் கொடுக்கிறாள். இரண்டாவது சிரிப்பிலேயே பேக்கிங் செக்‌ஷன் கண்டுபிடித்துவிட்டது. “இவதான் உளவு” என்றாள் அத்தை. “சூப்பர்வைசர் ரூமுக்கு யார் நடுவுல நடுவுல போறாளோ அவதான்.” அவளேதான். கடைசியில் வொண்டர் உமனும் அவளும் கட்டிப் புரண்டு சண்டை போட்டபோது தூங்கிக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்துவிட்டார்கள். பெண்கள் யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். டைம் ஆபீஸுக்குக் கோள் சொல்கிறவளின் பெயராக இருக்கும்.

முடிவில் அந்த மேஜருக்குப் புது செக்ரட்டரி வருகிறாள். பெரிய கண்ணாடி, இழுத்துக் கட்டிய முடி, ராணுவ உடுப்பு. டயானா பிரின்ஸ். வேறு யார், தீவின் இளவரசிதான். தெரு முழுக்கச் சிரித்தது. கண்ணாடி போட்டதும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை என்பதை நம்பமுடியாமல் வந்த சிரிப்பு என்று நான் நினைத்தேன். அதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது: “ஏமே, நம்ம மேனேஜரு தெனம் நம்மளப் பாக்கறான். ரோட்டுல பாத்தா தெரியுமா அவனுக்கு?”

அதிலிருந்து பேச்சு எங்கோ போய்விட்டது. எதிரே துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. இவளுக்குச் சம்பளம் எவ்வளவு இருக்கும்? பர்மனென்டா, காண்ட்ராக்டா? சண்டைக்குப் போகிற நேரத்துக்கு அட்டெண்டன்ஸ் யார் போடுவது? சுற்றி உடுப்பு மாறியதும் பழைய துணி கையிலேயே இருந்ததை, இரண்டாவது கதையில் என்று ஞாபகம், ஒருத்தி கவனித்துவிட்டாள்: “பாத்தியா, யூனிபாரம் கிழிஞ்சா காச புடிச்சிப்பான்னு பத்திரமா வெக்கிறா.” மேஜர் அடிக்கடி மண்டையில் அடி வாங்கி மயங்கி விழுவான். இவள் எல்லோரையும் அடித்துப் போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நோட்டுப் புத்தகத்தோடு நிற்பாள். அவன் எழுந்து நடந்ததை விளக்குவான். அதை அவள் எழுதிக்கொள்வாள். அந்த இடத்தில்தான் அந்த இரவிலேயே பெரிய கைதட்டல். நைனா பாயிலிருந்து தலையைத் தூக்கி என்னவென்று கேட்டார், யாரும் சொல்லவில்லை.

கேசட்டின் கடைசிக் கதை வேறு மாதிரி. தெருவில் புதுக் கார்கள், ஆபீஸில் கம்ப்யூட்டர், ஆனால் அதே மேஜர், அதே வயது. பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன், சிபிஎஸ் கதையை 1942இலிருந்து அப்போதைய காலத்துக்கு நகர்த்திவிட்டது. ஸ்டீவின் மகனாக அதே லைல் வேகனர் நடித்தார். அமெரிக்கர்களுக்கு இதை வசனத்தில் விளக்க வேண்டியிருந்திருக்கும். எங்கள் தெருவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “அது அவன் புள்ளடா” என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில். ‘தெய்வ மக’னில் சிவாஜி அப்பனாகவும் இரண்டு பிள்ளைகளாகவும் வந்ததைப் பார்த்த ஊர் இது. இவளுக்கு மட்டும் ஏன் வயசாகவில்லை என்று நான் கேட்டேன். “ராத்திரி ஷிப்டு இல்லல்ல” என்றாள் அத்தை.

மறுநாளிலிருந்து தெருப் பெண்பிள்ளைகள் எல்லோரும் சுற்றிக்கொண்டிருந்தோம். கையை விரித்து, கண்ணை மூடி, தலை கிறுகிறுத்து விழும்வரை. முதலில் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்க வேண்டும், எடுத்த எடுப்பில் சுற்றக்கூடாது என்பது எங்கள் விதி. (அந்தச் சுற்று லிண்டா கார்ட்டரே சொன்ன யோசனையாம்.) ஸ்கிராப் குவியலில் பொறுக்கிய குழாய்த் துண்டு வளையங்களைக் கையில் மாட்டினால் முழங்கைவரை துரு இறங்கும், ஆகவே சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளை அட்டையில் ஒட்டிக் கட்டிக்கொண்டோம். பையன்கள் வேப்பங்கொட்டையைக் கவணில் வைத்து அடிப்பார்கள். நெற்றியில் பட்டவளுக்குத் தீவுக்குத் திரும்பிப் போகும் தண்டனை. தீவு என்பது பம்புசெட் தொட்டி.

கயிறு விளையாட்டுதான் நிறைய நாள் நின்றது. அவள் இடுப்பில் ஒரு தங்கக் கயிறு, அதை வீசிக் கட்டிவிட்டால் கட்டுண்டவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இவளைப் படைத்த வில்லியம் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதை வைத்துப் பொய்யைப் பிடிக்கும் சோதனையை உருவாக்கியவர். பிற்காலப் பொய் கண்டறியும் கருவிக்கு அது ஒரு முன்னோடி. 1941இன் கடைசியில் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ எட்டாம் இதழில் அவள் முதலில் வந்தாள். படம் வரைந்தவர் எச்.ஜி. பீட்டர். எங்களிடம் இருந்தது கிணற்றுக் கயிறு. பிடித்தவர்களையெல்லாம் கட்டினோம். கொய்யா திருடியது யார், பரீட்சையில் எட்டிப் பார்த்தது யார் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் தீர்ந்துபோய், பெரியவர்கள் பக்கம் திரும்பினோம். வாசலில் கால் நீட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தையைக் கட்டி, உண்மையைச் சொல் என்றோம். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “போன மாசம் உங்க நைனா கவர்ல அம்பது ரூபா கொறஞ்சிச்சே, நான்தான் எடுத்தேன்.” நைனா உள்ளேதான் இருந்தார். வெளியே வந்து எங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “கயித்த அவுருங்கடி, தண்ணி எறைக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதற்காக எடுத்தாள் என்று கேட்கும் புத்தி எங்கள் யாருக்கும் இல்லை. தட்டச்சுப் பள்ளிக்கு ஃபீஸ் கட்டியிருந்தாள். அது ரொம்ப நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. லோயர் முடித்தாள். அதை வைத்து எந்த ஆபீஸிலும் நாற்காலி கிடைக்கவில்லை.

கேசட்டின் மேல் மறுவருஷம் பெரியம்மா மகன் கல்யாணத்தைப் பதிவு பண்ணிவிட்டார்கள். புதுக் கேசட் விலைக்கு இது சும்மா கிடந்ததே என்று. தாலி கட்டி, சாப்பாட்டுப் பந்தி முடிந்து, மாப்பிள்ளை கார் கிளம்பியதும் படம் ஒரு தடவை துள்ளி, கார் ஒன்றின் முன்பக்கத்தை ஒருத்தி பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பாள். மணப்பெண் வீட்டார் அதைப் பார்த்துவிட்டுச் சகுனம் சரியில்லை என்று முணுமுணுத்ததாகக் கேள்வி.

‘உடான்’ 1989இல் வந்தபோது, சர்ஃப் விளம்பரத்தில் பேரம் பேசிய லலிதாஜியே ஐ.பி.எஸ். அதிகாரியாகி நிற்பதைக் கிளார்க் வீட்டில் பார்த்தோம். இரண்டும் கவிதா சௌத்ரி. அத்தைக்கு அதிலும் சந்தேகம்: துணி சோப்பு விற்றுக்கொண்டிருந்தவளுக்கு இந்த போஸ்டிங் எப்படிக் கிடைத்தது?

சமீபத்தில் வொண்டர் உமன் எல்லாக் கதைகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். சில இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க முடியாதவை. போர்க்காலக் கதைகளில் இருந்த குறும்பு பின்னால் தேய்ந்துவிடுகிறது. ஓடுவதும் குதிப்பதும் பெரும்பாலும் ஜீனி எப்பர் என்ற ஸ்டண்ட் கலைஞர் என்பது உற்றுப் பார்த்தால் தெரிகிறது. கார்ட்டர் மட்டும் ஒரு நொடிகூடத் தன் பாத்திரத்தைக் கேலியாக நடிக்கவில்லை. அதனால்தான் அந்தக் கண்ணாடியையும் நம்ப முடிகிறது.

பார்த்து முடித்துவிட்டு அத்தைக்குப் போன் பண்ணினேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. 1942 காமிக்ஸில் சூப்பர் ஹீரோக்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள், அதில் இவளையும் சேர்த்து, செக்ரட்டரி ஆக்கி, ஆண்கள் சண்டைக்குக் கிளம்பும்போது இவளை ஆபீஸில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று சொன்னேன்.

“அதான, அங்கயுமா” என்றாள்.

பிற்காலக் கதைகளில் நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டு அதிகாரி ஆகிவிட்டாள், பெரிய புலனாய்வுத் துறையில், என்றேன்.

“எத்தினி வருசம் கழிச்சி?”

“முப்பத்தஞ்சு.”

கணக்குப் போட்டாள் போலிருக்கிறது. அவளைப் பர்மனென்ட் பண்ணாமலே ரிட்டயர் ஆக்கி அனுப்பியது அதற்குள் அடங்கிவிடும்.

“பி.எஃப். புடிச்சானாமா?” என்று கேட்டாள்.